அவர் தட்டில் மீந்தது

முதலில் கைக்கடிகாரம். பிறகு சாவிக்கொத்து, கொண்டை ஊசிகள், கடுகளவுக் கம்மல். கடைசியாக மூக்குக்கண்ணாடியையும் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் விசாரணையம்மா எடை மெஷினில் ஏறுவார். ஏறிய பிறகு எண் தெரியாது. நர்ஸ்தான் படித்துச் சொல்ல வேண்டும். நர்ஸுக்கோ மைக்கை விழுங்கிய குரல்.

"தொண்ணூத்தி நாலு முன்னூறு!"

வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். விசாரணையம்மா தன் கால் விரல்களைப் பார்ப்பார்.

"ஏன்க்கா, கண்ணாடி என்ன ஒரு கிலோவா இருக்கும்?"

"ஒரு நப்பாசைதான், தங்கச்சி."

பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் அப்படி வந்தது. "மூணாம் நம்பர், ஏழே கால், ஓடுங்க!" என்று விரட்டினால் மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பமே ஓடும். ஓடச் சொன்னவர் எழுந்திருக்க மேசையைப் பிடித்தாக வேண்டும். மதியம் இடைவேளை உண்டு, மாற்று ஆள் கிடையாது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். இழுப்பறையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்தான் திறக்கும்.

வீட்டில், பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலோடு இருக்கும் கணவர். இரவில் இரண்டு முறை அலாரம் வைத்து எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கேட்டபோது, பத்துக் கிலோ குறைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். முழங்கால் முடங்கினால் இரவில் கணவரைத் தூக்க வேறு ஆளில்லை. அதற்காகத்தான் இந்த எடைக்குறைப்புப் பிரிவு, சாப்பிட்டதையெல்லாம் எழுத இந்த நோட்டு.

"தினம் அரை மணி நேரம் நடங்கக்கா."

"நடக்காமலா? கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் அவரைத் தாங்கிட்டுப் போறதைச் சேர்த்தா, இந்நேரம் பக்கத்து ஊருக்கே போயிருப்பேன்."

நோட்டில் பிஸ்கட்கூட எண்ணிக்கையோடு இருக்கும். ஆனால் நான்கு மாதமாக எடை இறங்கவில்லை. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஊட்டும்போது கணவர் பாதியிலேயே தூங்கிப்போவார். விழித்ததும், "முழுசா சாப்பிட்டேனா?" என்று கேட்பார். அதற்காக விசாரணையம்மா சமையலறையில் நின்றபடியே மிச்சத்தை விழுங்கிவிட்டு, காலித் தட்டைக் கொண்டுவந்து காட்டுவார். "பாருங்க, பருக்கை இல்ல." கணவர் முகம் தெளியும். அதை நோட்டில் ஏற்ற மனம் வந்ததே இல்லை. "அது அவரு சாப்பாடு. என் நோட்டுல எப்படி எழுதறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

போன வாரம், பகலில் துணைக்கு இருக்கும் நாத்தனாருக்குக் காய்ச்சல். கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். நர்ஸ் நோட்டைப் புரட்டினார்.

"எல்லாத்தையும் எழுதறீங்களாக்கா? மறைக்காம சொல்லுங்க."

"எழுதறேனே."

"என்... பாதி," என்றது சக்கர நாற்காலி.

"என்ன சார்?"

"என் தட்டுல பாதி... இவதான். தினமும்." கோணிய வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லும் நொண்டி வந்தது. "நான் தூங்கல. சும்மா... கண்ண மூடிப்பேன்."

"ஏங்க?" விசாரணையம்மா சக்கர நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"பசியோட வர்ற. கேட்டா... சாப்பிட்டாச்சும்ப."

ஊருக்கே கேட்கப் பேசும் நர்ஸுக்கு நோட்டை மூடும் சத்தத்தைக்கூட அடக்கத் தோன்றியது. கணவன் மனைவி இருவரும், திருட்டில் கூட்டாகப் பிடிபட்டவர்களைப் போல, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏறுங்கக்கா," என்றார் நர்ஸ், மெதுவாக.

கைக்கடிகாரம். சாவிக்கொத்து. கொண்டை ஊசிகள். கம்மல். கண்ணாடி வரை போன கை நின்றது. அதை மூக்கின் மேல் நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு, விசாரணையம்மா மெஷினில் ஏறி, குனிந்தார்.