ஃபியூஸ் கட்டையில் நான் சுற்றிய கம்பி

நான் செய்த தவறுக்குச் சவரிமுத்துவின் மேல் பழி போட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து, அதை அவர் ஊரில் சொல்வதற்காக விருத்தாசலத்துக்கு ரயில் ஏறினேன்.

நான் ஓய்வு பெற்ற மின்பொறியியல் பேராசிரியர். விருத்தாசலம் தாண்டி, மங்களூர்ப் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கும் சவரிமுத்துவின் சிறு படகுக்குச் சூரிய மின்சார மோட்டார் அமைத்துக் கொடுத்தேன். மேலே பந்தல்போல் சோலார் பலகை, இருக்கையடியில் பேட்டரி, பின்னால் மோட்டார். தண்ணீருக்குள் சுழலும் அதன் விசிறியில் நீர்க்கொடி சிக்கினால் மோட்டார் திணறும். அது கருகாமலிருக்க ஃபியூஸ் அறுந்துவிடும். வெள்ளோட்டத்தன்று அறுந்துகொண்டே இருந்தது. கரையில் ஊரே நின்றது. நம் வீடுகளில் செய்வதையே நானும் செய்தேன். மெல்லிய இழையை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினேன். படகு ஓடியது. மறுநாள் கொடி சிக்கியபோது ஃபியூஸ் அறுபடவில்லை, மோட்டார் கருகியது. "சவரிதான் கம்பியைச் சுத்தியிருக்கார்" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். அவர் மறுத்தார். ஊர் பேராசிரியரை நம்பியது. அவருக்குக் 'கம்பி சவரி' என்று பெயர் விழுந்தது.

காலையில் ஜங்ஷனில் இறங்கி, பீங்கான் சாமான் கடையில் புது ஃபியூஸ் கட்டை வாங்கினேன்.

"நம்மூரு பீங்கான், ஒண்ணும் ஆவாதுங்க. கம்பிய மட்டும் பாத்துப் போடுங்க" என்றார் கடைக்காரர்.

புது மோட்டார்ப் பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

"மிக்ஸியா பெரியவரே?" என்றார் கண்டக்டர்.

"படகு மோட்டார்."

"மணிமுத்தாத்துல மணலுதான் ஓடுது. படக எங்க வுடப் போறீங்க?"

பஸ் முழுக்கச் சிரித்தது.

ஏரிக்கரை டீக்கடையில் சவரிமுத்துவும் இருந்தார். குடையைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, உட்காராமலே சொன்னேன்: "அன்னிக்குக் கம்பியைச் சுத்துனது நான். இவர் இல்லை."

 டீக்கடைக்காரர் சிரித்தார். "அப்ப அந்தப் பேரு வாத்தியாருக்குச் சேர வேண்டியதா?"

சவரிமுத்து சிரிக்கவில்லை. "மோட்டார மாட்டுங்க சார். போவலாம்."

படகிலிருந்து கழற்றிய பலகையும் பேட்டரியும் அவர் வீட்டு விளக்கை எரித்துக்கொண்டிருந்தன. கொண்டுவந்து பொருத்த நண்பகலாயிற்று. நல்ல வெயில். படகு சத்தமே இல்லாமல் போனது. அடியில் தண்ணீர் உரசுவதுகூடக் கேட்டது. நடு ஏரியில் அவர் படகைக் கொடிக்கூட்டத்துக்குள் நேராகச் செலுத்தினார். மோட்டார் முனகியது, ஃபியூஸ் அறுந்து நின்றது.

"வேணும்னே வுட்டீங்களா சவரி?"

"ஃபியூஸப் போடுங்க சார். என் எதிர்ல போடுங்க."

துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு என் கையையே பார்த்தார். அதிகமாக முறுக்கியதில் முதல் இழை அறுந்தது. இரண்டாவதை முடுக்கினேன். அவர் கொடியை அரிந்தெடுத்ததும் மோட்டார் ஓடியது.

கரை நெருங்கும்போது சொன்னார்: "எம் பொண்ணு கூட நம்பல சார். வாத்தியாரு பொய் சொல்லுவாராப்பான்னு கேட்டா."

நான் இறங்கிப் படகுக் கயிற்றைக் கட்டினேன்.

மாலையில் பஸ் ஏற்ற அவரே வந்தார். நான் பஸ் படியில் கால் வைத்தபோது டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார்:

"கம்பி சவரி! சாரு கொடைய வுட்டுட்டுப் போறாரு பாரு!"

காலையில் என் வாயால் எல்லாம் கேட்டவர்தான். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதை அவரே கவனிக்கவில்லை.

சவரிமுத்து அந்தப் பெயருக்குத் தயங்காமல் திரும்பினார்.