பெயர் பதியப் போன சூசையப்பர்

என் மகன் நேசனின் பெயரை நான் எழுதாமல் விட்டேன். இதை எங்கே தொடங்குவதென்று மூன்று நாளாக யோசித்தேன். எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் முதியோர் ஒன்றுகூடலை நடத்துகிற சிஸ்டர்தான் இதைச் சாட்சியாக எழுதித் தரச் சொன்னார். நான் கேட்ட செபம் ஒன்று கேட்கப்பட்டது. நான் அதிகம் கேட்ட செபம் இன்னும் கேட்கப்படவில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நானும் என் மனைவி திரேசும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மாடியில் இரண்டு அறையில் இருக்கிறோம். நான் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருசத்துக்கு மேல் படிவம் நிரப்பியே சம்பளம் வாங்கியவன். எந்தப் படிவத்தில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும் என்ற பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமைதான் எங்கள் வீட்டில் கொள்ளி வைத்தது.

நேசன் எங்களுக்கு ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் என் தம்பி வீட்டில் இருந்து படித்தவன். வெளிநாடு போகும் அலுவலாகத் தவக்காலம் தொடங்கிய கிழமை கொழும்புக்கு வந்தான். இந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் தமிழ் ஆட்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதி, பொலிஸ் ஸ்டேஷனில் கொடுத்து, சீல் வாங்கி வைத்திருக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் அவர் பெயரையும் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். இது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவன் வந்த அன்றே திரேஸ் சொன்னாள். "நேசன்ரை பேரை எழுதிக் குடுத்திட்டு வாங்கோ. வயசுப் பிள்ளை. நாளைக்கு ஏதுமெண்டால் என்ன செய்யிறது?"

"உமக்கு இதுகள் விளங்காது," என்றேன். "எழுதினால்தான் ஆள் இருக்கிறது தெரிஞ்சு தேடி வருவாங்கள். இரண்டு கிழமையில போகப் போற பிள்ளைக்கு என்னத்துக்குப் பதிவு?"

அவள் மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். நான் பேப்பரில் இருந்து தலை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பொலிசும் ஆமியும் ஒழுங்கை முழுவதையும் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாக ஏறினார்கள். நான் பட்டியலை நீட்டினேன். அதில் இரண்டு பெயர். அறையில் மூன்று பேர். வந்தவன் விரலால் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தான். "லிஸ்ட் எக்கே நம நே," என்றான் சிங்களத்தில். பட்டியலில் பெயர் இல்லை. அவ்வளவுதான். நேசன் பல்துலக்கின கையோடு இறங்கிப் போனான். "பயப்பிடாதேங்கோம்மா, வந்திடுவன்," என்றான். பக்கத்து வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த பொடியனையும் கொண்டு போனார்கள். அவன் பெயர் பதிவில் இருந்தது. பின்னேரம் தேத்தண்ணி நேரத்துக்கு அவன் திரும்பி வந்துவிட்டான்.

நேசன் வரவில்லை. எந்தெந்த ஸ்டேஷன் வாசலில் நின்றோம், எந்தெந்த ஐயாவுக்கு விண்ணப்பம் எழுதினோம் என்று சொல்லப் போனால் அது வேறு கதை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. எழுத்தில் இல்லாத பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?

அவனைக் கொண்டுபோன அன்று பின்னேரத்தோடு திரேஸ் என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. அழுததைக்கூட எனக்குக் காட்டவில்லை. நேரத்துக்குச் சோறு வரும், தேத்தண்ணி வரும், கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல் வீட்டில் இல்லாமல் போனது. என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டில் யாரோ தன் மனிசனை அப்படிக் கூப்பிட, நான் எழும்பி வாசல்வரை போய்விட்டேன்.

நான் செபிக்காமல் இருக்கவில்லை. செபமாலை சொன்னேன். நவநாள் பிடித்தேன். ஆனால் ஆண்டவரோடு நான் கதைத்தது, பழைய கந்தோரில் மேலதிகாரிக்கு முறைப்பாடு எழுதின மாதிரி இருந்தது. என் மகனை ஏன் கொண்டுபோக விட்டீர், ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்டேனே தவிர, என் பங்கை ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐப்பசியில் திரேஸ் சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொட்டாஞ்சேனைக் கோவிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் வியாழக்கிழமை பின்னேரங்களில் வயதானவர்கள் கூடுகிறார்கள், படம் கீறுகிறார்கள், பாடுகிறார்கள், காகிதப் பூக் கட்டுகிறார்கள், வரச் சொன்னார். இந்தத் தள்ளாத வயதில் விளையாட்டா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த வியாழன் திரேஸ் தானாகப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பஸ் மாறி, வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, அவளுக்குத் துணையாக நானும் போனேன். பஸ்ஸிலும் அவள் வேறு சீட்டில்தான்.

திருவருகைக் காலத்துக்காக அந்த முறை களிமண்ணில் பாலன் குடில் செய்தார்கள். பீற்றர் என்று ஒரு ஐயா, கப்பலில் சமையல் வேலை செய்தவர், ஆடு செய்தார். அது பன்றி மாதிரி வந்தது. "பெத்லகேமிலயும் பண்டி இருந்திருக்கும்தானே," என்று சொல்லி அதையே காய வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மண்டபத்துக்கு வெளியே வாங்கில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன்.

திரேஸ் வாழ்நாளில் மண் பிசைந்தவள் இல்லை. முதல் வியாழன் மாதாவைச் செய்தாள். அடுத்த வியாழன் பாலனைச் செய்தாள். ஜன்னலில் காய வைத்திருந்த பாலனை நான் போய்ப் பார்த்தேன். இடது காது மேற்பக்கம் மடங்கியிருந்தது. நேசன் பிறந்தபோதே அவனுக்கு அந்தக் காது அப்படித்தான். வெளியே வந்து பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு இடையர் செய்தாள், மாடு செய்தாள். மாதாவின் பக்கத்தில் நிற்க வேண்டிய அவர் கணவர் சூசையப்பரைச் செய்யவில்லை. மூன்று முறை தொடங்கினாள். மூன்று முறையும் உருட்டி வாளிக்குள் போட்டாள்.

"திரேஸம்மா, நத்தாருக்கு இன்னும் இரண்டு கிழமைதான் கிடக்கு," என்றார் சிஸ்டர். "சூசையப்பர் எங்கே?"

திரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "என்னால ஏலாது சிஸ்டர். அந்த மனிசன் பேர் பதியவெண்டு நிறைமாசக்காரியையும் கூட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்து போனவர். பயந்து வீட்டில ஒளிச்சு இருக்கேல்லை. எனக்கு அந்த முகம் வருகுதில்லை."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அறுபது நத்தாருக்கு மேல் அந்தக் கதையைக் கேட்டவன் நான். குடிமதிப்பு எழுதப் போன இடத்தில்தான் பாலன் பிறந்தார் என்று ஞானோபதேச வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு தகப்பன் பெயர் பதியப் போயிருக்கிறான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எழும்பிக் கோவிலுக்குள் போனேன். யாரும் இல்லை. முழங்காலில் நிற்க முடியாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ஆண்டவரே, நான்தான் எழுதாமல் விட்டனான். அவள் மூன்று முறை சொன்னவள். நான் பெரிய கெட்டிக்காரன் எண்டு நினைச்சு விட்டனான்," என்று வாய்விட்டுச் சொன்னேன். மகனைத் தாரும் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாய் தாரும் என்று மட்டும் கேட்டேன்.

கேட்டது கிடைத்தது. நேரே மண்டபத்துக்குள் போனேன். பீற்றர் ஐயா இருந்தார், சிஸ்டர் இருந்தார், பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வெட்கம் பார்க்கவில்லை. "திரேஸ், என்ரை பிழை. நீர் சொன்னதைக் கேட்டிருந்தால் பிள்ளை இண்டைக்கு வீட்டில இருந்திருப்பான்," என்றேன். ஒன்பது மாதம் தொண்டைக்குள் கிடந்தது அது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மண்ணுக்குத் திரும்பினாள். அன்றும் பஸ்ஸில் வேறு சீட்டில்தான் வந்தாள்.

அந்தக் கிழமை வீட்டு ஒப்பந்தம் புதுப்பித்தபடியால் பட்டியலையும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் படிவத்தை எடுத்து என் பெயரை எழுதினேன். திரேஸின் பெயரை எழுதினேன். மூன்றாவதாக நேசனின் பெயரை எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், கொண்டுபோன நாளையும், இன்னும் வரவில்லை என்பதையும் எழுதினேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் படிவத்தைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மூன்றாம் பெயரில் விரலை வைத்து, "மெயா கோ?" என்று கேட்டார். இவர் எங்கே?

"மம தன்னே நே மஹத்தயா," என்றேன். எனக்குத் தெரியாது ஐயா.

அவர் குறிப்பைத் திரும்ப வாசித்தார். வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. சீலைக் குத்தித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பட்டியலை மேசையில், அவள் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற இடத்தில், வைத்தேன். திரேஸ் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போய் நெடுநேரம் வாசித்தாள். மூன்று வரியை வாசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? பிறகு பைபிளுக்குள் வைத்தாள்.

நத்தாருக்கு முந்திய வியாழன். நான் வழக்கம்போல வெளியே வாங்கில் இருந்தேன். பேப்பர் கொண்டு போகவில்லை. உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சாருங்கோ."

நான் எழும்பவில்லை. பக்கத்து வீட்டில் ஒருமுறை ஏமாந்தவன்.

"இஞ்சாருங்கோ, காது கேக்கேல்லையே? வந்து இதை ஒருக்காப் பிடியுங்கோ. ஈரம். கையை விட்டால் சரிஞ்சு போடும்."

போய்ப் பிடித்தேன். சூசையப்பர். தலையில் மயிர் குறைவு. கையில் தடி இல்லை, சுருட்டின ஒரு கடுதாசி இருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்திருக்க, அவள் காலடிக்கு மண் வைத்து அழுத்தினாள். இருவரும் அழுதோம். பீற்றர் ஐயா மற்றப் பக்கம் திரும்பித் தன் பன்றிக்குச் சாயம் பூசினார்.

அன்று பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தோம்.

சகோதரரே, நாட்டில் சண்டை முடியவில்லை. நேசன் வரவில்லை. அதை நினைத்து நான் நன்றி சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம், அதற்கு என்னிடம் இப்போதும் கண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்ட வாயை ஆண்டவர் தந்தார். அதன்பின் நான் கேட்கத் துணியாத திரேஸின் "இஞ்சாருங்கோ"வையும் தந்தார். இப்போது வியாழக்கிழமைகளில் நானும் உள்ளேதான் இருக்கிறேன். மண் பிசைகிறேன். செய்வது ஒன்றும் உருப்படியாக வருவதில்லை, அதற்குத் திரேஸ் என்னை நல்லாகப் பகிடி பண்ணுகிறாள். உங்களில் யாருக்காவது ஆண்டவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிற சொந்தப் பங்கு ஒன்று இருந்தால், அதை முதலில் சொல்லிப் பாருங்கள். தனியே வரப் பயமென்றால் மண்டபத்துக்கு வாருங்கள். சும்மா இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டியல் புதுப்பிக்கிற நாள் வந்தால் இப்போது திரேஸ் கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருக்கிறாள். "முதல் அவன்ரை பேரை எழுதுங்கோ," என்கிறாள். நான் எழுதுகிறேன்.