அமாவாசை, ராகு காலம், ஒரு யூதப் புத்தாண்டு

2022 செப்டம்பர் 25, ஞாயிறு, மகாளய அமாவாசை. பிற்பகல் இரண்டரைக்குக் காந்திபுரத்தில் அன்னூர் பஸ் ஏறினோம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். டிக்கெட் தலைக்கு இருபத்தைந்து ரூபாய். உடன் வந்தவர் ஷிமோன், சொட்டுநீர்க் கருவிகளைப் பழுதுபார்க்க இஸ்ரேலிலிருந்து வந்திருப்பவர். கொச்சி யூதர் வழி என்பதால் கொஞ்சம் மலையாளம் பேசுவார்.

அன்னூரில் என் நண்பர் பழனிசாமி தக்காளி நாற்று நட்டிருந்தார். தண்ணீர் விடும் கருவி நின்றுபோய் நாற்று வாடிக்கொண்டிருந்தது. உள்ளூர் எலக்ட்ரீசியன் அமாவாசையில் வேலை செய்ய மாட்டார். நாளைக்குப் பார்க்கலாமென்றால் ஷிமோன் செய்ய மாட்டார். யூதர்களுக்கு நாள் பிறப்பது மாலையில். இன்று ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்ததும் அவர்களுடைய 5783ஆம் ஆண்டு பிறந்துவிடும். செவ்வாய் இரவு வரை ஒரு ஸ்விட்சைக்கூடத் தொடக் கூடாது.

கோவில்பாளையத்தில் அமாவாசைக் கூட்டம். பஸ் அசையவில்லை.

"ஏனுங்க, வேற வழியே இல்லீங்களா?" என்றேன்.

"இருக்குதுங்க. எறங்கி நடந்துபோடுங்க" என்றார் டிரைவர்.

கூட்டம் விலகி பஸ் நகர்ந்து, தோட்டத்தை அடைந்தபோது மணி 4.40. பழனிசாமி வாசலிலேயே மறித்தார்.

"வாங்க, காப்பி குடிங்க. நாலரைல இருந்து ஆறு மணி வரைக்கும் ராகு காலமுங்க. அப்புறம் தொட்டுக்கலாம்."

"அப்புறம் கால் மணி நேரந்தான் இருக்கு. நாத்து காயுதுன்னு நீங்கதானே போன்ல உசுரை வாங்குனீங்க?"

"அதுக்காவ ராகு காலத்துல மோட்டார் போட்டா, இருக்கறதும் போயிருமுங்க."

ஷிமோன் மேற்கே பார்த்தார். "சூர்யன் போயால் பின்னெ ஞான் தொடில்லா."

பழனிசாமியின் மனைவி சரஸ்வதி காப்பியோடு வந்தார். "கழட்டறதுக்கு ஏதுங்க ராகு காலம்? தொடங்கறதுக்குத்தான. இப்பக் கழட்டி வெச்சுக்கிட்டா, ஆறடிச்சதும் மாட்டிப்போடலாம்."

பழனிசாமி யோசித்துத் தலையாட்டினார். வால்வுக்குள் எறும்புப் புற்று. ஷிமோன் சுரண்டி எடுத்து, ஒவ்வொன்றாகக் கழுவி வைத்தார். ஆறுக்கு மாட்டத் தொடங்கினார். 6.09க்குக் கடைசி வரிசை வரை தண்ணீர் சொட்டியது. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார், போனை அணைத்தார். பண்டிகையில் வண்டி ஏறுவதும் கூடாதாம்; அங்கேயே தங்கிவிட்டார். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவியின் போன்.

"விருந்தாளிக்கு வடை சுட்டு வெச்சிருக்கறேன். எங்க வாரீங்க ரெண்டு பேரும்?"

"நான் மட்டுந்தான். அவருக்கு வருசம் பொறந்துபோச்சு. செவ்வாக்கெழமை ராத்திரிதான் வருவாரு."

"அப்ப வடை?"

"எனக்கு இன்னும் பழைய வருசந்தான். வந்து திங்கறேன்."