படகோட்டி திரும்பினானா?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு மற்றவர்களைச் சந்தேகப்பட எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

சமீபத்தில் வெளிவந்த ஒரு வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதினேன். கடலில் மூழ்கிப்போன தன் ஊரைத் தேடி ஒரு படகோட்டி தனியாகப் போகிற கதை. "கடைசிக் காட்சியில் கண் கலங்காதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள்" என்று விமர்சனத்தை முடித்திருந்தேன். அந்தக் கடைசிக் காட்சியை நான் பார்க்கவில்லை. இரண்டாவது பகுதியில் ஒரு துறைமுகம் வரும். அங்கிருந்து வெளியே போகத் தெரியாமல், நிறுத்தப் பழகாத ஆட்டோக்காரர் போல ஒரு வாரம் முழுக்கப் படகைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தேன். பிறகு விமர்சனம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கண் கலங்கும் என்று எப்படித் தெரிந்தது? வெளிநாட்டு விமர்சகர்கள் எல்லோரும் கலங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கலங்கினால் சேலையூரில் இருக்கிற எனக்கு மட்டும் கலங்காதா?

இத்தனைக்கும் அந்த விமர்சகர்கள் மீது எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. கேம் வெளியாகிற அன்று காலையிலேயே "மகத்தான படைப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். எப்போது வாங்கினார்கள், எப்போது முடித்தார்கள்? கேட்டால் முன்கூட்டியே இலவசமாகக் கொடுப்பார்களாம். இலவசமாகக் கொடுத்தவனைத் திட்ட யாருக்கு மனது வரும்? கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாம்பாரில் உப்பு அதிகம் என்று நாமும்தான் சொல்கிறோம். ஆனால் பெண் வீட்டார் காதில் விழாமல் சொல்கிறோம்.

கேம் கம்பெனிகளையும் நான் நம்புவதில்லை. வாங்கிய அன்றே "திருத்தம்" என்று ஒரு பெரிய மூட்டை இறங்கத் தொடங்கும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கதவு அடுத்த வாரம் வரும் சார் என்கிற பில்டரைப் போல. வரைபடத்தைத் திறந்தால் ஊரெல்லாம் கேள்விக்குறி. ஒவ்வொன்றையும் தேடிப் போனால், என் ஆட்டைக் கண்டுபிடித்துக் கொடு, இந்தப் பொட்டலத்தை அக்கரையில் சேர்த்துவிடு என்பார்கள். ரேஷன் கடைக்கும் மின்சார ஆபீசுக்கும் அலைந்து களைத்தவன் உலகத்தைக் காப்பாற்றலாம் என்று உட்கார்ந்தால், அங்கேயும் எடுபிடி வேலை! இதையெல்லாம் என் இணையப் பக்கத்தில் காரசாரமாக எழுதுவேன். ஒரு சின்னக் கூட்டம் படிக்கும். "அண்ணா, வாங்கலாமா வேணாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு போதை இருந்தது.

இந்த நிலையில்தான் என் பக்கத்துக்குத் திருஷ்டி பொம்மை வந்தது.

கட்டி முடியாத வீடுகளின் முன்னால் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணுமாக ஒரு முகம் தொங்குமே, அதுதான் அந்தக் கமென்ட்காரரின் படம். பெயரும் அதுவே. படகோட்டி விமர்சனத்தின் கீழே அது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது.

"அருமை அண்ணா. கடைசியில் படகோட்டி திரும்பினானா?"

மற்றவர்கள் அதை மரியாதையான கேள்வி என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு அது போலீஸ் விசாரணையாகப் பட்டது. "கதையைச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சுவை போய்விடும், நண்பரே" என்று பதில் போட்டேன். உடனே அது ஒரு சிரிப்பு முகம் போட்டது. அந்தச் சிரிப்பில் ஏதோ தெரிந்துவைத்திருக்கிற தோரணை இருந்தது.

இவன் யார்? நான் முடிக்கவில்லை என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்கக்கூடியவன் உலகத்திலேயே ஒருவன்தான். மேடவாக்கத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழன். கேம் விளையாட எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு. அவன் வீட்டில் ஒரு கேம் பெட்டி, என் வீட்டில் ஒரு பெட்டி, நடுவில் பொதுவாக ஒரு பாஸ்வேர்டு. கேமைச் சேர்ந்து வாங்குவோம். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் திறந்தால் ஒருவரை வெளியே தள்ளிவிடும் என்பதால், உட்காரும் முன் மற்றவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இது கல்யாணத்துக்கு முன்பிருந்து நடக்கும் ஏற்பாடு. இருவரும் சண்டை போடாமல் இத்தனை காலம் ஓட்டிய ஒரே கூட்டு வியாபாரம் இதுதான். ஊர் மாறி, வேலை மாறி, மற்ற நண்பர்கள் எல்லாம் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிட்ட பிறகு, எனக்கு மிச்சமிருந்த நண்பனும் அவன்தான்.

கேமைத் திறந்தால் முதல் வரிசையில் என் ஆட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும். இரண்டாவது வரிசையில் அவனுடையது. என்னுடையதில் "பகுதி இரண்டு". அவனுடையதில் "நிறைவு". எப்போதும் நிறைவு. எந்தக் கேமை எடுத்தாலும் நிறைவு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் ஆபீசில் வேலை பார்க்கிறானா என்ற சந்தேகம் எனக்கு வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் கேம்ப் ரோடு பஜ்ஜிக் கடையில் சந்திப்போம். அவன் பேசுவதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். "சண்டை எல்லாம் நல்லாத்தான்டா கீது மச்சான், ஆனா வில்லனுக்கு ஏன் கோவம்னு சொல்லவே இல்ல பாரு" என்பான். அடுத்த வாரம் அது என் விமர்சனத்தில் தூய தமிழில் வந்துவிடும். ஒரு தடவை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனில், உங்கள் கணக்கு இன்னொரு பெட்டியில் திறக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அவன் என் எதிரில் வாழைக்காய் பஜ்ஜியோடு நிற்கிறான்.

"என்னடா இது?" என்றேன்.

"ஆஃப் பண்ண மறந்துட்டேன் மச்சான்" என்று சட்னியைப் பார்த்துச் சொன்னான்.

அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் யோசித்தேன். ஒரு பொறி வைத்தேன். நாவலூர் ஆபீஸ் வண்டியில் பக்கத்தில் உட்காருபவரிடம், படகோட்டி கேமில் சுறாமீன் என்னைத் தின்றுவிட்டது என்று சொன்னேன். தோழனிடம் மட்டும், "படகு விளக்கை உடைச்சுட்டேன்டா, அதான் மேல போக முடியல" என்றேன். இரண்டும் பொய். எந்தப் பொய் திரும்பி வருகிறதோ அந்த ஆள்தான் பொம்மை.

மறுநாளே திருஷ்டி பொம்மை எழுதியது: "விளக்கை உடைத்தவர்களுக்கெல்லாம் முடிவு தெரிய வாய்ப்பில்லை அண்ணா."

என் மனைவியிடம் போனைக் காட்டினேன். அவள் பள்ளி ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா? துரோகம்! கூட இருந்தே குழி பறிக்கிறான்."

அவள் நிதானமாகப் படித்தாள். "அண்ணான்னு போட்டிருக்கே. அவர் உங்கள எப்பங்க அண்ணான்னு கூப்பிட்டாரு?"

"அதான் வேஷம்!"

"நீங்க கடைசி வரைக்கும் விளையாடினீங்களா இல்லையா?"

"அது இப்ப விஷயம் இல்ல."

"எங்க வகுப்புல காப்பி அடிக்கிற பிள்ளைங்களும் இதையேதான் சொல்லும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அவளையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். ஆனால் ரிமோட்டைக் கொடுத்தாலே பேட்டரி போடத் தெரியாது என்று என்னிடம் நீட்டுகிறவள் என்று விட்டுவிட்டேன்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். ரத்தம் கொதிக்கும்போது பாஸ்வேர்டு வைக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆங்கில எழுத்தில் "துரோகி" என்று போட்டு, அதோடு நிற்காமல் "மேடவாக்கம்" என்றும் சேர்த்தேன். பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்று ஆபீசில் வகுப்பெடுத்திருந்தார்கள்.

தோழன் கூப்பிட்டான். "மச்சான், உள்ள போக முடியலடா."

"அப்படியா? சர்வர் எதாவது படுத்திருக்கும்" என்றேன், மிக அக்கறையாக.

"சீக்கிரம் பாருடா. இங்க வீட்ல..." என்று இழுத்தவன், "சரி விடு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

வீட்டில் என்ன? ஏன் இழுத்தான்? அந்தச் சனிக்கிழமை அவன் பஜ்ஜிக் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தனியாகத் தின்ற பஜ்ஜி எண்ணெய் வாடை அடித்தது. மிஸ்டு கால் வராத போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கேமுக்காக இருந்த ஒரே நண்பனும் போய்விடுவானோ என்ற பயம் வந்தது. பயம் வந்தால் நான் சமாதானத்துக்குப் போகிற ஆள் இல்லை. சண்டைக்குப் போகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்தேன்.

அவன் குடியிருப்பின் வாசலை ஒரு தண்ணீர் லாரி முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. தோழன் லுங்கியோடு நின்று குழாயைத் தொட்டிக்குள் செலுத்திக்கொண்டிருந்தான். அசோசியேஷன் செக்ரட்டரி பதவி அவன் தலையில் விழுந்திருந்தது.

"வாடா! ரெண்டு வாரமா இதே பேஜார். சனிக்கிழமையானா லாரி எப்ப வரும்னு காவல் காக்கவே சரியாப் போவுது" என்றான். குற்றவாளி இவ்வளவு பாசமாக வரவேற்பான் என்று எதிர்பார்க்கவில்லை. நடிக்கிறான் என்று முடிவு செய்தேன்.

"ஒரே கேள்வி. படகோட்டி திரும்பினானா?"

"எந்தப் படகோட்டி?"

"நடிக்காத. நீ முடிச்ச கேம்."

அவன் லாரியைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். பிறகு என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், சத்தியமா எனக்குத் தெரியாதுடா. கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஒரு கேம் முடிச்சதில்ல. ஒக்காந்தா கொறட்ட வருது. எல்லாம் அவதான் விளையாடறா."

"அப்ப பஜ்ஜிக் கடைல பேசினது?"

"அவ சொல்றதக் கேட்டு வந்து சொல்லுவேன். நீ அவ்ளோ ஆர்வமா கேப்பியா... எனக்கும் ஒரு மரியாத வேணாமா?"

லாரித் தண்ணீர் தொட்டி நிரம்பி எங்கள் காலடியில் ஓடியது. இத்தனை வருடமாக இரண்டு ஆண்கள் பஜ்ஜிக் கடையில் நின்று, ஒருவன் வெளிநாட்டுக்காரர்களின் கருத்தையும் மற்றவன் பெண்டாட்டியின் கருத்தையும் சொல்லி உலக கேம்களை அலசித் துவைத்திருக்கிறோம். இரண்டு பேரில் ஒருவனும் துறைமுகத்தைத் தாண்டவில்லை.

மாடிக்குப் போனோம். அவன் மனைவி கதவைத் திறந்தார். மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை அவருக்கு. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

"வாங்கண்ணா" என்றார். அந்த "அண்ணா"வில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சிஸ்டர்... திருஷ்டி பொம்மை...?"

"எதுத்த பில்டிங்ல தொங்குது பாருங்க, அதப் படம் புடிச்சுப் போட்டேன்." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அண்ணா, அந்த கேம்ல விளக்கு உடையவே உடையாது. கல்லால அடிச்சும் பார்த்துட்டேன். இவரு வந்து நீங்க உடைச்சதா சொன்னதும் சிரிப்பு தாங்கல. அதான் எழுதினேன்."

"என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா இவரு சாயம் வெளுத்துடும்ல." தோழன் கூரையைப் பார்த்தான். "நீங்க எழுதறத ஒண்ணு விடாம படிக்கிறேன். கம்பெனிகளத் திட்டறதெல்லாம் சூப்பர். முடிவப் பத்தி எழுதறப்பதான் டவுட் வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது தடவ விளையாடி வேற முடிவு வருதான்னு பாத்துட்டிருந்தேன். பாதில வெளிய தள்ளிடுச்சு. பாஸ்வேர்ட மாத்தினது நீங்கதானே?"

லாரி ஹார்ன் அடித்தது. அதை விசாரிக்கக் கீழே ஓடிவிட எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

"இதோ போட்டுத் தரேன்" என்று கன்ட்ரோலரை வாங்கினேன். அந்தப் பெட்டியில் பாஸ்வேர்டு அடிப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். திரை முழுக்க எழுத்துகள் விரிந்திருக்கும். ஒவ்வோர் எழுத்தாக வெளிச்சத்தை நகர்த்திக் கொண்டுபோய் அமுக்க வேண்டும். அடித்தது புள்ளியாக மறைந்தாலும், வெளிச்சம் எங்கே போய் நிற்கிறது என்று வீடே பார்க்கலாம். வீடு பார்த்தது. நான் "துரோகி"யை முடிக்கும்போது சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

தோழன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி "மேடவாக்கம்" வரைக்கும் அடித்து முடித்தேன். கணக்கு திறந்தது.

"அடப்பாவி, ஊர் பேரோடயா வெச்ச?" என்றான் அவன். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தான். "எங்க அசோசியேஷன்லயே துரோகிங்க நெறைய பேர் இருக்காங்க மச்சான், யாருன்னு நெனச்சுக்கறது?"

அவன் சிரிப்பு நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சனிக்கிழமை லாரிக் காவலுக்கு நானும் வருகிறேன், பஜ்ஜியை இங்கேயே வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். சரி என்றான்.

சிஸ்டர் அதற்குள் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படகு, சுவரில் ஒரு உரசலும் இல்லாமல், துறைமுகத்தைவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு சுலபமாகப் போகலாம் என்று எனக்குத் தெரியாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சிஸ்டர், இப்பவாவது சொல்லுங்களேன். கடைசில அவன் திரும்பினானா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்:

"விளையாடிப் பாருங்கண்ணா."