நான் வெட்டிய முக்கால் அடி

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுத நான் ஒருத்திதான். பேக்கிங்கில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு லேபிள் வருவதற்குள் டீயே குடித்துவிடலாம். காரணம், லேபிள் அச்சடிக்க வெளியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. உலகத்து எழுத்துகள் அத்தனையும், விதவிதமான பார்கோடும் அதில் இருந்தன. எங்களுக்கு வேண்டியதோ ஒரே ஒரு லேபிள். எரிச்சல் தாங்காமல் உட்கார்ந்து வேண்டாததையெல்லாம் வெட்டித் தள்ளினேன். லேபிள் பட்டென்று வந்தது. இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வெட்டினால் வரும் தொல்லை தெரியாதவள் இல்லை நான். லைப்ரரியை எழுதியவர்கள் புதிய பதிப்பு விட்டால் அப்படியே எடுத்துப் போட முடியாது. மறுபடி நானே வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டால் போச்சு என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் வாரம் தோல் வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. தோலின் பின்பக்கம் எழுதிய அளவு ஒன்று, லேபிளில் வேறொன்று. அளவு மெஷினில் நின்ற பாய்தான் தோலில் எழுதுவார், அவரேதான் கம்ப்யூட்டரிலும் அடிப்பார். கவனமில்லாமல் அடிக்கிறார் என்று மேனேஜர் அவரை மெஷினிலிருந்து எடுத்து, கட்டு கட்டுகிற இடத்தில் போட்டார். என் வயதுதான் இருக்கும் பாய்க்கு. கயிறு முடிந்துகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் திரும்பி வந்த தோல்களில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஆறே முக்கால் சதுர அடி என்றால் ஆறு எழுதி, அதன் தலையில் பொடியாக மூன்று போடுவார்கள். மூன்று கால் அடி என்று அர்த்தம். தோலில் அந்த மூன்று இருந்தது. லேபிளில் வெறும் ஆறு. பொடி எண்கள் கணக்குப் பாடத்துக்குத்தான் என்று நினைத்து, அந்தப் பகுதியை நான் வெட்டியிருந்தேன். நேரே மேனேஜரிடம் போனேன்.

"பாய் மேல தப்பு இல்ல சார். வெட்டினது நான்."

லைப்ரரியை இன்னமும் வெட்டித்தான் வைத்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதை வெட்டினேன் என்ற பட்டியலும் ஒரு சோதனை லேபிளும் முதலில் பாயிடம்தான் போகும்.

மேனேஜரிடம் சொன்ன அன்றே மெஷினுக்குத் திரும்பிய பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வுடுங்க மேடம்," என்றார். "நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு ரெண்டு நாளா நானே நம்பிட்டு இருந்தேன்."