ஐஸில் போன இரத்தம்

மதுரை லேபிலிருந்து போன் வந்தபோது காலை பதினொன்றே கால். "மேடம், நேத்து நீங்க அனுப்புன சாம்பிள் ரிஜக்ட். செல்லு பாதிக்கு மேல செத்துப்போச்சு, மீதி கட்டி தட்டிப்போச்சு. ரிப்போர்ட் தர முடியாது" என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். அந்த மூன்று மில்லி இரத்தத்துக்காக ஏழு மாதக் குழந்தையை நான்கு இடத்தில் குத்தியிருந்தேன்.

இராமநாதபுரத்தில் ஒரு தனியார் லேபில் இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தவள் நான். இருப்புக் கொள்ளாத சுபாவம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் பக்கம் போய் நிற்பேன். ஒருவரிடம் பேசிக்கொண்டே அடுத்தவர் சீட்டைக் கையில் வாங்குவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குழந்தை பெயர் அஜய், ஊர் பாம்பன். அப்பா அருள், மதுரைக்குப் போகும் மீன் வண்டியில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுகிறவர். மாமன் மகளைக் கட்டியிருந்தார். குழந்தைக்கு மூன்றாம் மாதத்திலிருந்து வயிற்றுப்போக்கு, நிமோனியா, வாயில் வெள்ளைப் படலம் என்று மாற்றி மாற்றி ஏதாவது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளை அணுக்களை எண்ணி நார்மல் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

குழந்தை டாக்டர் அதில் திருப்தியடையவில்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரி கேட்டார். ஒவ்வொரு செல்லின் மேலும் என்ன அடையாளம் இருக்கிறது என்று லேசர் வைத்துப் பார்க்கிற டெஸ்ட். எங்கள் ஊரில் கிடையாது.

"கவுன்ட் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றேன்.

"எத்தன பேரு இருக்கான்னு எண்ணிட்டீங்க. வேல பாக்குறானான்னு யாரு பாக்குறது?" என்றார். சுருக்கென்றது.

பிறகு அருளை உட்கார வைத்து விளக்கினார். கிருமியைப் பிடித்த செல், அதன் ஒரு துண்டை ஒரு புரதத்தின் மேல் வைத்து மற்ற செல்களுக்குக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அவை சண்டைக்குக் கிளம்பும். அந்தப் புரதத்துக்கான ஜீன் இவனுக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஜீனை வேலைக்குக் கிளப்பிவிட கோ-ஆக்டிவேட்டர் என்று ஒரு துணைப் புரதம் வேண்டும். அது பழுதென்றால் ஜீன் சும்மா கிடக்கும்.

அருள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். "போட்டு இருக்கு, டீசல் இருக்கு, ஆளும் ரெடி. கடலுக்குப் போக டோக்கன் மட்டும் தரல. அப்படித்தானே சார்?"

"அதேதான். அந்தக் கோளாறுன்னா சீக்கிரமா எலும்பு மஜ்ஜை மாத்தணும். லேட்டாச்சுன்னா அடுத்தடுத்து வர்ற நிமோனியாவ இவன் தாங்க மாட்டான்."

இரத்தம் எடுத்த அன்று கூரியர்காரர் வரவில்லை. "எங்க வண்டி இப்பக் கெளம்புதுக்கா, நானே கொண்டு போறேன்" என்றார் அருள். டியூபை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்து, "சூடு படாமப் பாத்துக்கங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அந்த போனுக்குப் பிறகு அருளை வரச்சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பெட்டியில என்ன வச்சீங்க?"

"கெட்டுறக் கூடாதேன்னு ஒடச்ச ஐஸ அடியிலயும் மேலயும் போட்டு, டியூப நடுவுல வச்சேன்க்கா. நானே பாத்துப் பாத்துக் கட்டுனேன்."

இந்த டெஸ்ட்டுக்கு இரத்தம் அறை வெப்பத்தில்தான் போக வேண்டும். ஐஸில் வைத்தால் வெள்ளை அணுக்கள் கெட்டுப்போகும். "யாரக் கேட்டு ஐஸ் வச்சீங்க? புள்ள ரத்தம்னு நெனச்சீங்களா, மீனுன்னு நெனச்சீங்களா?" என்று லேபே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "தப்புதான்க்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கே குழந்தைக்குக் காய்ச்சல் கூடி வார்டில் சேர்த்தார்கள். ஐந்து நாள் ஆக்சிஜன். மறுபடி இரத்தம் எடுக்க நரம்பே அகப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் வார்டு கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஆறாம் நாள் இரத்தம் எடுத்து, கைப்பையில் வைத்து, நானே பஸ் ஏறினேன். டாக்டர் சந்தேகப்பட்டது சரி. காட்ட வேண்டிய புரதம் எந்தச் செல்லிலும் இல்லை. சென்னைக்குக் கொண்டு போனார்கள். நாலு வயது அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. அஜய் பிழைத்துக்கொண்டான்.

ஒன்றரை வருடம் கழித்து கவுன்ட் பார்க்க அழைத்து வந்தார் அருள். பையன் ஊசியைப் பார்த்து என் கையைக் கடிக்க வந்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. அருள் காக்கிச் சட்டையில் இருந்தார்.

"ஆட்டோவா? மீன் வண்டி என்னாச்சு?"

"விட்டுட்டேன்க்கா. ஐஸுல கை வைக்கவே முடியல. எம்புள்ளய ஆக்சிஜன்ல படுக்க வச்சது நாந்தானே."

காய்ச்சல் ஐஸால் வந்ததில்லை, எப்படியும் வந்திருக்கும். அது எனக்கு அன்றே தெரியும். ஐஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதும் தெரியும். அவரிடம் கத்திவிட்டு வந்து உட்கார்ந்ததுமே தெரியும்.

"தம்பி, ஐஸ் வைக்கக் கூடாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. தப்பு எம்மேல. காச்சலுக்கும் ஐஸுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இத அன்னைக்கே சொல்லிருக்கலாமேக்கா" என்றார். பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாம்பிளைக் கொடுத்தனுப்பும்போது எதைச் செய்யக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல மறந்திருந்தால், மறந்தது நான்தான் என்று அன்றைக்கே ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். நான் ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு மனிதர் தொழிலையே விட்டுவிட்டார்.