இரண்டாவது ஓட்டை

தருவைகுளத்தில் ஐஸ் பேக்டரி, கடலில் நாலு விசைப்படகு, மில்லர்புரத்தில் மூன்று மாடி வீடு. அத்தனையும் தனியாளாக நின்று எழுப்பினேன். படிப்பு உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் வந்ததில் எனக்கும் பங்குண்டு என்றால் பேரன்மாரே சிரிக்கிறார்கள்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் கணக்கு சார் மெட்ராஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். எங்களுக்குக் காட்ட மிஷினுக்கு எங்கே போவார்? ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். விளிம்போரம் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு கேள்வி. ஆம் என்றால் ஓட்டையின் விளிம்பை வெட்டித் திறந்துவிட வேண்டும். இல்லை என்றால் முழுசாக விட வேண்டும். அட்டைகளை அடுக்கி, தோணிப்பாய் தைக்கிற ஊசியைக் கோத்துத் தூக்கினால் ‘ஆம்’ எல்லாம் உதிரும், ‘இல்லை’ ஊசியிலேயே நிற்கும். நீச்சல் தெரிந்தவர்கள் பொலபொலவென்று விழுந்தபோது வகுப்பே கூத்தாடியது.

அடுத்த கேள்வி: அப்பா இருக்கிறாரா?

அப்பா போன கொழும்புத் தோணி நாற்பது நாளாகத் திரும்பவில்லை. வீட்டில் இன்னும் செத்தவருக்கான துக்கப் பூசை வைக்கவில்லை. அம்மா தாலியோடுதான் இருந்தாள். நான் விளிம்பை லேசாகக் கீறி வைத்தேன். சார் ஊசியைத் தூக்க, என் அட்டை மட்டும் கோணலாகத் தொங்கியது.

“ஏலே, ஒங்க அப்பா தொங்குதாரு பாரு,” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“மிஷினுக்கு ரெண்டு பதில்தான்டே. உண்டு, இல்ல. எதுன்னு சொல்லு,” என்றார் சார்.

“அப்ப பக்கத்துல இன்னொரு ஓட்டை போடுங்க சார். தெரிஞ்சவன் வெட்டட்டும். நான் வெட்டல.”

சார் எல்லா அட்டையிலும் ‘தெரியுமா?’ என்று இரண்டாவது ஓட்டை போடச் சொன்னார்.

பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியப்பா விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டாவத வெட்டிரு. மொத ஓட்டைய முழுசா விட்டுரு,” என்றார்.

பெரியப்பாவுக்கு மிஷின் புரியவில்லை என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை என்னை ஐஸ் உடைக்கிற வேலையில் சேர்த்துவிட்டார்.

அந்த அட்டைகளைச் சார் கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்கினார். பள்ளி மலரில் அவர் படம் போட்டிருக்கிறீர்கள், நல்லது. இரண்டாவது ஓட்டை என்னுடையது. அடுத்த மலரில் அதை எழுதுங்கள். என் பெயரைப் போடும்போது அப்பா பெயரையும் சேர்த்தே போடுங்கள்.